வின்ச் இயந்திரத்துக்கு வாகனத்தில் எது இடம்?

புயல் ஓய்ந்த மறுநாள், உணவும் மருந்தும் ஊருக்குள் வருவதற்கு முன்பு வழி திறக்கப்பட வேண்டும். சாலையின் குறுக்கே வீழ்ந்த புளியமரம், வயலுக்குள் அச்சு வரை புதைந்த டிராக்டர், கரையில் கவிழ்ந்து கிடக்கும் படகு ஆகிய இவை யாவும் இழுத்து அகற்றப்பட வேண்டியவை. இப்பணியில் மனிதக் கரங்களுக்கு உறுதுணையாக நிற்பது வின்ச். உருளையொன்றில் கம்பிவடத்தைச் சுற்றிப் பெரும் பாரத்தை மெல்ல இழுக்கும் எளிய இயந்திரம் அது.

ஆந்திரப் பிரதேசத்தில் வரதய்யபாளையம் என்னும் ஊரையும் அதன் சுற்றுப்புறத்தையும் எடுத்துக்கொள்வோம். முன்னர் சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2022 ஏப்ரல் 4ஆம் நாள் புதிய மாவட்டங்கள் அமைக்கப்பட்டது முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. மேற்கே காடு அடர்ந்த குன்றுகளும் உப்பலமடுகு அருவியும் உள்ளன. இடையே ஏரிகளும் நெல்வயல்களும் பரவியுள்ளன. கிழக்கே தடா வழியாகச் சென்னையிலிருந்து கல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையும், அதற்கு அப்பால் பழவேற்காடு ஏரியும் அமைந்துள்ளன. 2016 டிசம்பர் 12இல் சென்னையருகே கரை கடந்த வர்தா புயல், 2021 நவம்பரில் சித்தூர், நெல்லூர், கடப்பா மாவட்டங்களைத் தாக்கிய பெருமழை, 2023 டிசம்பர் 5இல் பாபட்லா அருகே கரை கடந்த மிக்ஜாம் புயல் ஆகியவை இக்கடலோரம் எவ்வகை இடர்களுக்கு உட்பட்டது என்பதைக் காட்டுவன.

இத்தகைய நிலப்பகுதியில் குன்றடிச் சாலையில் மரம் அகற்றுவதும், களிமண் வயலில் டிராக்டரை மீட்பதும், ஏரிக்கரையில் படகை ஏற்றுவதும் ஒரே வேலையாகத் தோன்றலாம். ஆனால் இழுக்கும் திசையும், வாகனம் நிற்கும் தரையும், பாரம் போய்ச் சேரவேண்டிய இடமும் இம்மூன்றிலும் வேறுபடுகின்றன. ஆகவே வின்ச் அமரவேண்டிய இடமும் வேறுபடுகிறது. பட்டறையில் வாகனத்தைச் சுற்றிப் பார்த்து, எங்கே வெற்றிடம் உள்ளதோ அங்கே அதைப் பொருத்திவிடும் வழக்கம் பரவலாக உள்ளது. அது தவறான முறை. வடம் செல்லும் கோட்டை முதலில் வரைந்துகொண்டு, பிறகே இயந்திரத்தின் இடத்தைத் தீர்மானிக்க வேண்டும். அவ்விதம் செய்வதன் காரணங்களைக் கீழே காண்போம்.

கமலையும் தேர்வடமும் கற்பிப்பவை

நம் முன்னோர் இவ்வுண்மையை நன்கு அறிந்திருந்தனர். கிணற்றில் கமலை கட்டி நீர் இறைத்த காலத்தில், எருதுகள் இழுத்த வடம் மேலுள்ள சக்கரத்தில் திரும்பி நேர்கீழாகக் கிணற்றுக்குள் இறங்கிற்று. வடம் திசை மாறும் அவ்விடத்தில், இருபுற இழுப்பும் ஒன்றுசேர்ந்து சக்கரத்தின் மேல் விழுகின்றன. திசைமாற்றம் செங்கோணமாக இருப்பின் அச்சுமை வடத்தின் இழுப்பைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு ஆகும். சக்கரத்தைத் தாங்கிய கால்களைக் கிணற்றுச் சுவரில் உறுதியாக ஊன்றியமைக்குக் காரணம் இதுவே.

தேர்வடமும் அவ்வாறே. ஆயிரம் பேர் இழுக்கும் வடத்தைத் தேரின் மேற்பகுதியில் எவரும் கட்டுவதில்லை. தரையை ஒட்டிய அடிப்பகுதியிலேயே பூட்டுகின்றனர். மேலே கட்டினால் தேர் நகர்வதற்கு முன்பு சாயத் தொடங்கும். தேரை நிறுத்துவதற்குச் சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை இடப்படுகிறது. தாழ்ந்த இழுப்புக்கோடு, வலுவான அடிச்சட்டம், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை ஆகிய இம்மூன்றும் லாரிக்கும் அப்படியே பொருந்தும்.

இழுப்பவனும் இழுக்கப்படுகிறான்

நியூட்டனின் மூன்றாம் விதியைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். வின்ச் ஒரு மரத்தை 3 டன் விசையுடன் இழுக்கும்போது, மரமும் லாரியை 3 டன் விசையுடன் தன்பால் இழுக்கிறது. லாரியை நிலைநிறுத்துவது டயருக்கும் தரைக்கும் இடையிலுள்ள உராய்வு மட்டுமே.

6 டன் எடையுள்ள ஒரு லாரியைக் கற்பனை செய்வோம். அதன் முன் அச்சில் 2.5 டன்னும், பின் அச்சில் 3.5 டன்னும் சுமந்திருப்பதாகவும், இரு அச்சுகளுக்கும் இடைத்தூரம் 4 மீட்டர் எனவும் கொள்வோம். வடம் தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் கிடையாகச் செல்கிறது. இழுப்பு 3 டன் எனில் திருப்புத்திறன் 3 டன்-மீட்டர். இதை 4 மீட்டரால் வகுத்தால், ஓர் அச்சிலிருந்து மற்றோர் அச்சுக்கு 0.75 டன் எடை மாறுவதைக் காணலாம். பின்னோக்கி இழுக்கும்போது முன் சக்கரங்கள் இவ்வெடையை இழக்கின்றன. வடத்தை 2 மீட்டர் உயரத்துக்கு ஏற்றினால் முன் அச்சு 1.5 டன்னை இழந்து, அதில் 1 டன் மட்டுமே எஞ்சும். வின்ச் தாழ்வாக இருத்தல் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இனி, பலர் கவனிக்கத் தவறும் ஒரு செய்தி. நிறுத்தத்துக்கான கைப்பிரேக் பெரும்பாலான லாரிகளில் பின் சக்கரங்களை மட்டுமே பற்றுகிறது. உலர்ந்த சாலையில் உராய்வுக் கெழு 0.6 எனக் கொண்டு, வடத்தின் உயரம் 1 மீட்டராகவே இருக்கட்டும். முன்புற வின்ச் முன்னோக்கி இழுக்கும்போது பின் சக்கரங்களின் சுமை குறைகிறது. ஆதலால் பிடிப்பும் குறைந்து, ஏறத்தாழ 1.8 டன் இழுப்பிலேயே லாரி நகரத் தொடங்கும். அதே லாரி பின்னோக்கி இழுத்தால் பின் சக்கரங்களின் சுமை கூடுவதால், ஏறத்தாழ 2.5 டன் வரை தாக்குப்பிடிக்கும். வாகனமும் தரையும் மாறவில்லை. இடம் மாறியதால் மட்டும் பிடிப்பு இவ்வளவு வேறுபட்டது.

மழையில் நனைந்த களிமண்ணில் உராய்வு இதில் பாதியாகவோ அதனினும் குறைவாகவோ இருக்கும். அப்போது பிரேக்கை நம்புதல் கூடாது. சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை இடுவதோடு, வாகனத்தின் எதிர்முனையை ஒரு பெருமரத்துடனோ தரையில் ஊன்றிய நங்கூரத்துடனோ பிணைத்தல் வேண்டும். அப்பிணைப்பும் வடம் செல்லும் அதே கோட்டில் அமைவது நன்று. கோடு விலகினால் அடிச்சட்டம் முறுக்கப்படும்.

முன்புறம்

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையின் ஜி.எம்.சி. இரண்டரை டன் லாரிகளில் ஒரு பகுதிக்கு முன்புற வின்ச் பொருத்தப்பட்டிருந்தது. லாரியின் அடிச்சட்டத்தை முன்னோக்கி நீட்டி, அந்நீட்சியின் மேல் வின்ச் அமர்த்தப்பட்டது. எஞ்சினிலிருந்து ஒரு தண்டு வழியாக அதற்குச் சக்தி சென்றது. சேற்றில் சிக்கிய லாரி எதிரேயுள்ள மரத்தில் வடத்தைக் கட்டித் தன்னைத் தானே இழுத்துக்கொண்டு வெளியேறுவதற்கு இவ்விடமே ஏற்றது. பயணம் முன்னோக்கியது, தடையும் முன்னேதான் உள்ளது.

குன்றடிச் சாலையில் ஜீப் ஓட்டும் வனத்துறை ஊழியருக்கும், புயலுக்குப் பின் முதலில் புகும் மீட்பு வாகனத்துக்கும் முன்புறமே தகும். பாட்டரி அருகில் இருப்பதும் ஒரு வசதி. 12 வோல்ட் மின்சார வின்ச் முழுப் பாரத்தில் 400 ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டம் கொள்ளும். 35 சதுர மில்லிமீட்டர் குறுக்களவுள்ள செப்புக் கம்பியில் இம்மின்னோட்டம் ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறத்தாழ 0.2 வோல்ட் இழக்கிறது. முன்புறத்தில் போகவும் வரவும் 3 மீட்டர் கம்பி போதுமெனில் இழப்பு 0.6 வோல்ட். லாரியின் பின்கோடி வரை 12 மீட்டர் கம்பி தேவைப்பட்டால் இழப்பு 2.4 வோல்ட். மோட்டாருக்கு எட்டுவது 10 வோல்ட்டுக்கும் குறைவு. எஞ்சிய சக்தி கம்பியை வெப்பமாக்குவதில் வீணாகிறது.

எனினும் முன்புறத்தில் குறைபாடுகளும் உண்டு. வின்சின் எடை முன் அச்சில் கூடுகிறது. ரேடியேட்டருக்குச் செல்லும் காற்று தடைப்படக்கூடும். மோதலின்போது நொறுங்கி அதிர்ச்சியை ஏற்பதற்காக அமைக்கப்பட்ட பகுதியில் கடினமான இரும்பைத் திணித்தால், காற்றுப்பைகளின் உணர்கருவிகள் பிழையாக இயங்கலாம். சாலையில் நடப்போருக்கும் ஆபத்து மிகும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் வகுத்த அமைப்பினின்றும் வாகனத்தை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. வாகனங்களின் முன்னே பொருத்தப்படும் காப்புக் கம்பிகளுக்கு எதிராக நடவடிக்கை எடுக்குமாறு 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டதும் இங்கே நினைவில் இருத்தற்குரியது. ஆகவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தைக் கலந்தே இம்மாற்றத்தைச் செய்தல் வேண்டும்.

வெறும் பம்பர் தகட்டில் வின்சைப் பொருத்துதல் எந்நிலையிலும் ஆகாது. பம்பர் மோதலைத் தாங்க வந்தது. இழுப்பைத் தாங்க வந்ததன்று. சாசி என்று பட்டறைகளில் வழங்கும் அடிச்சட்டத்தின் இரு நீள விட்டங்களையும் ஒருசேரப் பற்றும் குறுக்கு எஃகுச் சட்டத்திலேயே அது அமர வேண்டும்.

ஓட்டுநர் அறைக்குப் பின்னே

பாரத்தைத் தன் முதுகில் ஏற்றிக்கொள்ள வேண்டிய லாரிக்கு ஏற்ற இடம் ஓட்டுநர் அறைக்குப் பின்புறம். இதே உலகப் போரில் டாங்கிகளைச் சுமந்த டயமண்ட் டி 980 என்னும் கனரக லாரியில், ஏறத்தாழ 18 டன் இழுக்கும் வின்ச் இவ்விடத்தில்தான் இருந்தது. சிதைந்த டாங்கியைப் பின்னேயுள்ள டிரெய்லரின் மேல் ஏற்ற அவ்வடம் பயன்பட்டது. பின்னர் வந்த 981 என்னும் வகையில், அதே வின்சின் வடத்தை முன்னோக்கியும் செலுத்த வழி செய்தனர்.

இவ்விடத்துக்கு இயற்பியல் சார்ந்த மற்றொரு சிறப்பும் உண்டு. வடம் உருளையின் நடுவிலிருந்து விளிம்பு வரை நகர்ந்து சுற்றிக்கொள்ளும்போது, நேர்க்கோட்டிலிருந்து சற்றே சாய்கிறது. வரிப்பள்ளம் இல்லாத உருளைக்கு இச்சாய்வு 1.5 பாகைக்கு மேற்படாமல் இருத்தல் நலம். மேற்பட்டால் வடம் ஒழுங்காகப் படியாமல் ஒரு பக்கம் குவிந்து, ஒன்றையொன்று நசுக்கும். உருளையின் அகலம் 20 சென்டிமீட்டர் எனில், முதல் வழிகாட்டி உருளை 3.8 மீட்டர் தொலைவில் இருந்தாலன்றி இவ்வளவு கிட்டாது. அறைக்குப் பின்னே வின்சும், தளத்தின் கடைக்கோடியில் வழிகாட்டி உருளையும் அமைந்த லாரியில் இத்தொலைவு தானாகவே கிடைத்துவிடுகிறது. முன்புற வின்சில் அது சாத்தியமன்று. ஆகையால் அங்கே வடத்தை நேராக மட்டுமே இழுத்து, வேலை முடிந்தபின் மிதமான இழுப்பில் வரிசையாகச் சுற்றிவைக்க வேண்டும்.

பாரத்தைத் தன் தளத்தின் மேலேயே ஏற்றும்போது, பாரம் தளத்தின் மேல் வந்தபின் வடத்தின் இழுப்பு லாரியின் சட்டத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. பிரேக்கின் மேல் விழும் சுமை அப்போது மிகக் குறைவு. முதலில் சொன்ன மரம் இழுக்கும் வேலைக்கும் இதற்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இது.

பின்கோடியும் பக்கவாட்டும்

வயலிலிருந்து பிறரை மீட்கும் வாகனத்துக்குப் பின்கோடி ஏற்றது. சாலையின் உறுதியான தரையில் லாரி நிற்க, வடம் வயலுக்குள் இறங்கும். மேலே கண்டவாறு கைப்பிரேக்கின் பிடிப்பும் இங்கே கூடுதலாகும். ஆனால் பின் அச்சைக் கடந்து சட்டம் நெடுந்தூரம் நீண்டிருந்து, வடமும் கீழ்நோக்கிச் சரிந்து சென்றால், அது துலாக்கோலைப்போல் முன் சக்கரங்களைத் தூக்கும். பின் அச்சுக்கு எவ்வளவு அருகிலும் தாழ்வாகவும் அமர்த்த முடியுமோ அவ்வளவு நன்று. டிராக்டர்களில் பி.டி.ஓ. தண்டினால் இயங்கும் வின்சைப் பின்புறமே மாட்ட வேண்டியிருப்பதால், சக்தியின் இருப்பிடமே அங்கு இடத்தைத் தீர்மானித்துவிடுகிறது. எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் வின்சுக்கு இக்கட்டுப்பாடு இல்லை. குழாய் செல்லும் இடமெல்லாம் அதுவும் செல்லும்.

பக்கவாட்டில் பொருத்துவதை இயன்றவரை தவிர்த்தல் வேண்டும். லாரியின் நீளம் பல மீட்டர்; அகலமோ சக்கரத்துக்குச் சக்கரம் 1.8 மீட்டர் அளவே. நாம் கற்பனை செய்த 6 டன் லாரி, 2 மீட்டர் உயரத்தில் பக்கவாட்டாக 2.7 டன் இழுப்பு விழுந்தாலே ஒரு பக்கச் சக்கரங்கள் எழும்பிக் கவிழும் நிலைக்கு வந்துவிடும். வழுக்கும் சாலையில் அது நகர்ந்து தப்பலாம். சக்கரங்கள் சேற்றுத் தடத்தில் சிக்கியிருந்தால் நகர முடியாமல் கவிழும்.

பக்கவாட்டு இழுப்பு முற்றிலும் இயலாததன்று என்பதற்கு வரலாற்றில் சான்று உண்டு. இங்கிலாந்தில் ஜான் ஃபவுலர் நீராவியால் உழும் முறையை உருவாக்கி, 1858இல் அந்நாட்டு அரச வேளாண்மைக் கழகத்தின் பரிசைப் பெற்றார். பின்னர் பரவிய முறையில் வயலின் இரு ஓரங்களிலும் இரண்டு நீராவி எஞ்சின்கள் நின்று, இடையே கலப்பையை மாறி மாறி வடத்தால் இழுத்தன. இழுப்பு முழுவதும் பக்கவாட்டாகவே விழுந்தது. ஆயினும் அவை நிலைத்து நின்றன. எஞ்சினின் எடை மிகுதி. வடம் சுற்றும் பெரிய உருளையோ கொதிகலனுக்கு அடியில், கிடையாகப் படுத்த நிலையில், தாழ்வாகத் தொங்கவிடப்பட்டிருந்தது. நம் லாரிகளில் இத்தகைய அமைப்பு இல்லை. பக்கவாட்டாக இழுக்க நேர்ந்தால் ஒரு கப்பியை மரத்தில் கட்டி, வடத்தை அதன் வழியே திருப்பி, லாரியின் மேல் விழும் இழுப்பை அதன் நீளவாட்டுக்கே கொண்டுவருதல் வேண்டும்.

டிரெய்லரில்

பழவேற்காடு ஏரியை ஒட்டிய ஊர்களில் படகையும் எஞ்சினையும் பழுதுபார்க்கக் கொண்டுசெல்லும் டிரெய்லருக்கு, வின்ச் அதன் முன்முனையிலேயே இருத்தல் வேண்டும். இழுக்கும் லாரியிலோ டிராக்டரிலோ வின்சை வைத்து, டிரெய்லரின் மேல் பாரத்தை ஏற்ற முயன்றால், வடத்தின் இழுப்பு இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று தள்ளுகிறது. இரண்டும் நேர்க்கோட்டில் நின்றால் தீங்கில்லை. சற்றே கோணமாக நின்றால் பேனாக்கத்தியைப்போல் மடங்கிக்கொள்ளும். வின்ச் டிரெய்லரிலேயே இருப்பின், இழுப்பு அதன் சட்டத்துக்குள் அடங்கிவிடும்.

படகு முழுவதும் ஏறி அமர்ந்தபின் அதன் முகப்பு வளையம் எவ்வுயரத்தில் இருக்குமோ, வடமும் ஏறத்தாழ அவ்வுயரத்தில் செல்லுமாறு வின்சைத் தாங்கும் தூணை அமைக்க வேண்டும். ஏற்றும்போது மற்றோர் இடர் உண்டு. சக்கர அச்சிலிருந்து பின்முனை 2 மீட்டரும், இணைப்புக் கொக்கி 3 மீட்டரும் தொலைவில் உள்ளதாகக் கொள்வோம். பாரத்தின் முன்பாதி பின்முனையில் ஏறி, அங்கே 0.75 டன் விழும்போது, கொக்கியை 0.5 டன் விசை மேலே தூக்குகிறது. பிணைப்பு ஆணி இல்லாவிடில் டிரெய்லர் கழன்று எழும். பின்முனைக்கு அடியில் மரக்கட்டை முட்டுக்கொடுத்த பின்னரே ஏற்றத் தொடங்க வேண்டும். மின்சார வின்சாயின் அதற்கென ஒரு பாட்டரியை டிரெய்லரிலேயே வைப்பது, நீண்ட கம்பியால் வரும் இழப்பைத் தவிர்க்கும். சிறு படகுக்குக் கையால் சுழற்றும் வின்சே போதுமானது.

பொருத்தும் முறை

இடம் சரியாயினும் பிடிப்பு தவறினால் பயனில்லை. வடம் உருளையின் அடிப்புறத்திலிருந்து வெளிவருமாறு அமைத்தல் பொதுவிதி. அடித்தட்டின் முன்பின் போல்ட்டுகளின் இடைவெளி 12 சென்டிமீட்டர், இழுப்பு 4 டன் என்க. வடம் தட்டுக்கு 3 சென்டிமீட்டர் மேலே வெளிவந்தால், போல்ட்டுகளை மேலே பறிக்கும் விசை ஏறத்தாழ 1 டன். உருளையின் மேற்புறத்திலிருந்து 12 சென்டிமீட்டர் உயரத்தில் வெளிவந்தால் அதுவே 4 டன் ஆகிறது.

அடிச்சட்டத்தின் நீள விட்டத்தில் மேலும் கீழும் உள்ள கிடைத் தகடுகளில் துளையிடலாகாது. விட்டம் வளையும்போது மிகுந்த தகைவு அத்தகடுகளிலேயே விழுகிறது. நிமிர்ந்த தகட்டின் நடுப்பகுதியிலும், உற்பத்தியாளர் அனுமதித்த இடத்திலும் மட்டுமே துளையிடலாம்.

வின்சின் பெயர்த்தகட்டில் எழுதியுள்ள வலிமை, உருளையின் முதல் அடுக்கில் வடம் இருக்கும்போது மட்டும் பொருந்தும். உருளையின் விட்டம் 60 மில்லிமீட்டரும் வடத்தின் தடிப்பு 9 மில்லிமீட்டருமாயின், முதல் அடுக்கின் ஆரம் 34.5; நான்காம் அடுக்கின் ஆரம் 61.5. ஆரம் கூடக்கூட இழுப்பு குறைவதால், 4 டன் வின்ச் நான்காம் அடுக்கில் 2.2 டன்னையே இழுக்கும். பாரத்துக்கு மிக நெருங்கி நிறுத்துவதால் இவ்விதம் வலிமை வீணாகிறது. வடத்தை நன்கு வெளியே விடக்கூடிய தொலைவில் வாகனத்தை நிறுத்துவதும், கப்பியிட்டு வடத்தை இரட்டிப்பதும் இதற்கு மாற்று. ஆயினும் எஃகுக் கம்பிவடமாயின் குறைந்தது 5 சுற்றுகளேனும் உருளையில் எஞ்சியிருத்தல் வேண்டும். செயற்கை இழைவடம் உருளையில் வழுக்கும் இயல்புடையதாதலால் அதற்கு இன்னும் மிகுதியான சுற்றுகள் தேவை.

மனிதர் நிற்கும் இடம்

இதுகாறும் இயந்திரத்தின் இடத்தைப் பற்றிப் பேசினோம். அதை இயக்குபவரின் இடம் அதனினும் முக்கியமானது. பாரத்தில் இறுகிய எஃகுவடம், நாண் ஏற்றிய வில்லைப்போல் ஆற்றலைச் சேர்த்து வைத்துள்ளது. கொக்கியோ ஷாக்கிளோ போல்ட்டோ முறிந்தால், அவ்வாற்றல் ஒரு நொடிக்குள் வெளிப்படும். அதன் வழியில் இருப்பவர் விலகுவதற்கு நேரமே இராது. உயிரிழப்பும் கை கால் இழப்பும் பெரும்பாலும் இவ்வாறே நேர்கின்றன.

ஆதலால் வின்சின் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே, இயக்கும் விசையின் கம்பி வடத்தின் கோட்டிலிருந்து விலகி நிற்கும் அளவுக்கு நீளமாக உள்ளதா எனப் பார்க்க வேண்டும். இயக்குபவர் வடத்தைத் தாண்டிச் சென்றால்தான் நெம்புகோலை எட்ட முடியும் என்ற அமைப்பு எவ்வளவு வலுவானதாயினும் கைவிடத்தக்கதே. கப்பியில் வடம் திரும்பும்போது, அத்திருப்பத்தின் உட்கோணத்தில் ஒருவரும் நிற்கலாகாது. கப்பியின் பிணைப்பு அறுந்தால் வடம் அக்கோணத்துக்குள்தான் பாயும். வடத்தின் நடுவே நனைந்த சாக்கு அல்லது கனமான கயிற்றுப்பாயைத் தொங்கவிட்டால், அறும் வடத்தின் வேகம் ஓரளவு தணியும். வேடிக்கை பார்ப்போரை, வெளியே விடப்பட்ட வடத்தின் நீளத்தைக் காட்டிலும் அதிகத் தொலைவில் நிறுத்துக. புயலின் மறுநாள் ஊரே கூடி உதவ முன்வரும் நேரத்தில் இவ்விதியைக் காப்பது எளிதன்று. அந்நேரத்தில்தான் அது மிகவும் இன்றியமையாதது.

ஆசிரியர்களுக்கு ஒரு சோதனை

உயர்நிலைப் பள்ளியில் இப்பாடத்தை எளிதில் நடத்திக் காட்டலாம். நான்கு சக்கரங்களுள்ள ஒரு மரவண்டியின் பின் சக்கரங்களைக் கட்டையால் தடுத்து நிறுத்துக. வண்டியின் நடுவே ஓர் அளவுகோலை நிமிர்த்திப் பொருத்தி, வெவ்வேறு உயரங்களில் நூலைக் கட்டி, வில் தராசினால் பின்னோக்கி இழுக்கச் செய்க. முன் சக்கரங்கள் தரையை விட்டு எழும் கணத்தில் தராசு காட்டும் அளவை ஒவ்வோர் உயரத்துக்கும் மாணவர் குறித்துக்கொள்ளட்டும். உயரத்தையும் இழுப்பையும் பெருக்கினால், ஏறத்தாழ ஒரே எண் மீண்டும் மீண்டும் வருவதைக் காண்பர். அடுத்து நூலைப் பக்கவாட்டில் இழுக்கச் சொல்லுக. வண்டி எவ்வளவு சிறிய விசையில் கவிழ்கிறது என்பதைக் கண்ட மாணவன் அதை எளிதில் மறவான். பென்சில் ஒன்றில் நூலைப் பல அடுக்குகளாகச் சுற்றி இழுக்கச் செய்தால், அடுக்கு கூடக்கூட இழுப்பு குறைவதையும் விளக்கலாம்.

கள ஊழியர்கள் துளையிடுவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் ஐந்து. இவ்வாகனம் பெரும்பாலும் எத்திசையில் இழுக்கப் போகிறது? வடத்தின் கோடு அடிச்சட்டத்தின் நீளவாட்டில், தாழ்வாகச் செல்கிறதா? அக்கோட்டில் இழுக்கும்போது எந்த அச்சு எடை இழக்கிறது, பிரேக் எந்த அச்சில் உள்ளது? சக்தி அங்கே குறைவின்றி வந்து சேருமா? இயக்குபவர் வடத்தின் வழியிலிருந்து விலகி நிற்க இடம் உண்டா? முதல் நான்கில் ஒன்றுக்கு விடை சாதகமாக இல்லையெனில் முட்டுக்கட்டையாலும் கப்பியாலும் தடித்த கம்பியாலும் ஓரளவு ஈடுசெய்யலாம். ஐந்தாவதற்கு ஈடு ஏதும் இல்லை. அதற்கு விடை கிடைக்காத இடத்தில் வின்சைப் பொருத்தாமல், வேறிடம் தேடுவதே முறை.